தூக்குது, ஆனா ஓடலை

ஐப்பசி மழை விடாமல் அடித்துக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி, ஒரகடம் பக்கத்துக் குடோன் ஒன்றிலிருந்து சூப்பர்வைசர் கூப்பிட்டார்.

“சார், ரெண்டாம் நம்பர் வண்டி மறுபடியும் நின்னுடுச்சு. தூக்குது, ஆனா ஓடலை. போன வாரம்தான் ஆக்சிலரேட்டர் மாத்துனாங்க. இப்ப போர்டு போயிடுச்சுன்னு கொட்டேஷன் குடுத்திருக்காங்க, ஒன்றரை லட்சத்துக்கு மேல வருது. ஆர்டர் போடறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க.”

நான் இருப்பது படப்பையில். பேட்டரி ஃபோர்க்லிஃப்ட், ரீச் ட்ரக், ஸ்டாக்கர் என்று மின்சாரத்தில் ஓடும் சரக்கு வண்டிகளைப் பழுது பார்ப்பது என் தொழில். பதினேழு வருஷம் ஆகிறது. வண்டலூர்–வாலாஜாபாத் ரோட்டிலும் ஸ்ரீபெரும்புதூர் பக்கமும் குடோன்கள் முளைக்க முளைக்க எனக்கும் வேலை கூடிக்கொண்டே வந்தது. இந்தக் குடோனுக்கு மட்டும் அதுவரை போனதில்லை.

போனை வைத்த பிறகும் அந்த “தூக்குது, ஆனா ஓடலை” மனசிலேயே நின்றது. இந்தத் தொழிலில் ஒருவர் போனில் சொல்லக்கூடிய மிகப் பயனுள்ள தகவல் இதுதான். ஃபோர்க்கைத் தூக்க ஹைட்ராலிக் பம்பைச் சுற்றும் மோட்டார் ஒன்று. சக்கரத்தை ஓட்ட மோட்டார் இன்னொன்று. இரண்டுக்கும் தனித்தனி கண்ட்ரோலர், அதாவது மோட்டாருக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் பெட்டி. சூப்பர்வைசர் சொன்ன ‘போர்டு’ இதுதான். ஆனால் பேட்டரி, பேட்டரி பிளக், எமர்ஜென்சி பட்டன், சாவி, பெரும்பாலான வண்டிகளில் மெயின் கான்டாக்டர் என்ற பெரிய மின் சுவிட்ச் எல்லாம் பொது. தூக்குகிறது என்றால் அந்தப் பொதுப்பாதை முழுக்கச் சரியாக இருக்கிறது என்று பொருள். அதிலும் லோடோடு தூக்கும்போது பம்ப் மோட்டார் இழுக்கும் கரண்ட் கொஞ்சநஞ்சம் இல்லை. செத்த பேட்டரியால் அதைக் கொடுக்க முடியாது.

இன்னொன்றும் உண்டு. பேட்டரியில் எண்பது சதவீதம் தீர்ந்து இருபது மட்டும் மிச்சமிருந்தால் இந்த வண்டிகள் தூக்குவதைத்தான் முதலில் நிறுத்தும். ஓட்டத்தை விட்டுவைக்கும், வண்டி சார்ஜர் வரைக்கும் போய்ச் சேர வேண்டுமல்லவா. ஆகவே பேட்டரி இறங்கிய வண்டி ஓடும், தூக்காது. இது அதற்கு நேர் எதிர். எங்கள் ஆட்களில் பலர் எந்தப் புகார் வந்தாலும் ஆசிட் அடர்த்தி பார்க்கும் ஹைட்ரோமீட்டரை எடுத்துக்கொண்டு இருபத்துநாலு செல்லையும் திறந்து உட்கார்ந்துவிடுவார்கள். அரை நாள் அதில் போய்விடும்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் போனேன். நாலு சக்கர வண்டி, 48 வோல்ட், இரண்டரை டன் தூக்கும். பழைய வண்டிதான், ஆனால் நன்றாக வைத்திருந்தார்கள். பேட்டரி மேல் மூடியில் ஆசிட் பூத்து வெள்ளையாகவோ பச்சையாகவோ நிற்கவில்லை. அதைப் பார்த்ததுமே அங்கே யாரோ அக்கறையான ஆள் இருக்கிறார் என்று தெரிந்தது. சீட்டின் நடுவில் மட்டும் மடித்த அட்டைத் துண்டு ஒன்று கிடந்தது, கார்ட்டன் பெட்டியிலிருந்து கிழித்தது, நாலாக மடித்து உள்ளங்கை அளவில். எடுத்துக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

சாவி போட்டேன். மெயின் கான்டாக்டர் “டக்” என்று இழுத்தது. ஹேண்ட் பிரேக்கை விட்டு, லீவரை முன்பக்கம் தள்ளி, பெடலை அழுத்தினேன். வண்டி ஓடியது.

சூப்பர்வைசர் முகத்தில் சங்கடம். “சார், சத்தியமா நேத்து ராத்திரி ஓடலை சார்.”

“தெரியும் தம்பி. நீங்க சொன்னதை நம்பித்தானே வந்திருக்கேன்.”

இதை நான் உண்மையாகவே சொன்னேன். விட்டு விட்டு வரும் கோளாறில், நாம் போன நேரத்தில் வண்டி ஓடினால் புகாரே பொய் என்று நினைத்துவிடக் கூடாது. அது வரும் சூழ்நிலையை நாம் இன்னும் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

முதல் ஷிஃப்ட் ஆப்பரேட்டர் வந்தார். நல்ல வாட்டசாட்டமான ஆள், இந்தக் குடோன் தொடங்கிய நாளிலிருந்து இருக்கிறார். அவர் ஓட்டினார், ஓடியது. அரை மணி நேரம் லோடோடு டாக்குக்கும் ரேக்குக்கும் ஓட்டச் சொல்லிப் பின்னாலேயே நடந்தேன். ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

சரி, வந்த வேலையைச் செய்வோம் என்று ஆரம்பித்தேன். பேட்டரி 50.5 வோல்ட். அங்கங்கே நாலு செல்லில் அடர்த்தி பார்த்ததில் 1.260. லோடோடு தூக்கும்போது வோல்ட்டேஜ் 48-க்குக் கீழே போகவில்லை. இது போதும், பேட்டரியை மறந்துவிடலாம். டிரைவ் சக்கரம் இரண்டையும் தரையிலிருந்து தூக்கி மரக்கட்டை கொடுத்து நிறுத்தினேன். ஓடாத வண்டியைச் சோதிக்கும்போது இதைத்தான் முதலில் செய்ய வேண்டும். கோளாறு எந்த நொடியில் தானாகச் சரியாகும் என்று யாருக்கும் தெரியாது. சரியாகும் நொடியில் நம் கால் பெடலிலும் நம் ஆள் வண்டிக்கு முன்னாலும் இருக்கலாம். பேட்டரி பிளக்கைக் கழற்றினால் போதும் என்றும் நினைக்கக் கூடாது. கண்ட்ரோலருக்குள் கெப்பாசிட்டர் இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது சார்ஜைப் பிடித்துவைத்திருக்கும். நான் ஒரு பல்பை வயரோடு எப்போதும் பையில் வைத்திருக்கிறேன். பாசிட்டிவ் நெகட்டிவ் போல்ட்டில் அதைத் தொடவைத்து, பல்பு எரிந்து மங்கி அணைந்த பிறகுதான் ஸ்பேனரை எடுப்பேன். மோதிரம், வாட்ச் இரண்டும் அதற்கு முன்பே சட்டைப்பைக்குப் போய்விடும்.

இந்த வண்டியில் இருந்தது கர்ட்டிஸ் 1238 வகை கண்ட்ரோலர். இதன் மேல் சின்னதாக இரண்டு விளக்கு, ஒன்று சிவப்பு, ஒன்று மஞ்சள். கோளாறு இருந்தால் சிவப்பு ஒரு முறை மின்னும், அப்புறம் மஞ்சள் எத்தனை முறை மின்னுகிறதோ அது முதல் இலக்கம். சிவப்பு இரண்டு முறை மின்னும், அதன் பிறகு வரும் மஞ்சள் இரண்டாம் இலக்கம். அப்போது எதுவும் மின்னவில்லை. கண்ட்ரோலரைப் படிக்கும் கைக்கருவியான ஹேண்ட்செட்டைச் சொருகிப் பழைய பதிவைப் பார்த்தேன். ஒரே ஒரு கோடுதான் (கோளாறு எண்) இருந்தது: 47.

இந்த 47-ஐப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை வைத்துத்தான் அந்தக் குடோன் காசை இழந்திருக்கிறது.

ஓட்டுவதற்கு முன் கண்ட்ரோலர் ஒரு வரிசையை எதிர்பார்க்கிறது. முதலில் சாவி. அப்புறம் ஆள் சீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும், ஹேண்ட் பிரேக் விட்டிருக்க வேண்டும். அப்புறம் முன்னா பின்னா என்ற லீவர். கடைசியாகப் பெடல். இந்த வரிசை மாறினால், உதாரணமாகப் பெடலில் காலை வைத்துக்கொண்டே ஒருவர் சாவி போட்டால், வண்டி சட்டென்று பாய்ந்துவிடும். அதைத் தடுக்கத்தான் கண்ட்ரோலர் ஓட்டத்தை மறுத்துவிட்டு 47 காட்டுகிறது. பெடலை விட்டு, லீவரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, மறுபடியும் முறையாகத் தொடங்கினால் போய்விடும்.

இதைப் படித்த யாரோ “பெடல்” என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு ஆக்சிலரேட்டர் மாற்றியிருக்கிறார்கள். மாற்றிய பிறகும் 47 வந்ததும், பெடல் புதிது, ஆகவே கண்ட்ரோலர்தான் கெட்டது என்று முடிவு கட்டியிருக்கிறார்கள். ஆனால் கோடு என்பது கண்ட்ரோலர் தன் கண்ணுக்குத் தெரிந்ததைச் சொல்வது. வரிசை தப்பியது என்றுதான் அது சொல்கிறது. யார் தப்பினார்கள் என்று அதற்குத் தெரியாது. சாவி, சீட், ஹேண்ட் பிரேக், லீவர், பெடல் என்று ஐந்து பேர் நிற்கும் வரிசையில் கடைசி ஆளை மட்டும் பிடித்து வேலையைவிட்டு அனுப்பினால் எப்படி?

பதிவில் வேறு எந்தக் கோடும் இல்லை என்பதும் எனக்கு ஒரு சாட்சி. மெயின் கான்டாக்டர் மூடாமல் போயிருந்தால் 39 இருக்கும், அதன் முனை ஒட்டிக்கொண்டிருந்தால் 38 இருக்கும். மோட்டார் வயர் விட்டிருந்தால் 37. மோட்டாரின் வேகத்தைப் படிக்கும் என்கோடர் தொந்தரவு செய்திருந்தால் 36. ஒன்றும் இல்லை. கண்ட்ரோலர் நல்ல நினைவோடுதான் இருக்கிறது.

பெடலைப் பார்த்தேன், சிக்னல் ஒரே சீராக ஏறி இறங்கியது. ஹேண்ட் பிரேக் சுவிட்ச்சைப் பார்த்தேன். இதைப் பல இடங்களில் பிடித்திருக்கிறேன்: கேபிள் தளர்ந்து, லீவர் கீழே போன மாதிரி தெரிந்தாலும் அடியில் இருக்கும் சின்ன சுவிட்ச்சின் பித்தானை முழுசாக விடாது, பிரேக் போட்டபடியே இருப்பதாக வண்டி நினைத்துக்கொள்ளும். இங்கே அது சுத்தமாக இருந்தது. சீட் சுவிட்ச்? நான் உட்கார்ந்தால் ஹேண்ட்செட் திரையில் ஆன், எழுந்தால் ஆஃப். பத்து முறை செய்தேன், பத்து முறையும் சரி. கனெக்டர்களை எல்லாம் கழற்றித் துடைத்து ஸ்பிரே அடித்து மாட்டினேன். மழைக்காலம், எங்காவது ஈரம் இறங்கியிருக்கலாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

எனக்கே திருப்தி இல்லாமல்தான் கிளம்பினேன். கோளாறைக் கண்ணால் பார்க்காமல் சரிசெய்துவிட்டேன் என்று நான் சொல்வதில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை. போர்டுக்கு ஆர்டர் போட வேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.

வியாழக்கிழமை ராத்திரி எட்டரைக்குப் போன் வந்தது. நின்றுவிட்டது. வெள்ளி காலை போனேன், ஓடியது. அப்போது சூப்பர்வைசர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “சார், ஒண்ணு சொல்றேன் தப்பா எடுத்துக்காதீங்க. செகண்ட் ஷிஃப்ட்ல ஓட்டுறது ஒரு பொண்ணு. சேர்ந்து நாலு மாசம்தான் ஆகுது. அந்தப் பொண்ணுக்கு வண்டி சரியா ஓட்டத் தெரியலைன்னு எல்லாரும் சொல்றாங்க. முதல் ஷிஃப்ட்காரர் ஓட்டினா ஒண்ணும் ஆகறதில்லையே.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு தடவை வந்தும் வண்டி நிற்கும்போது அதில் உட்கார்ந்திருந்த ஆளிடம் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டி ஓடும்போது ஓட்டியவரிடமும், ஓட்டவே ஓட்டாத சூப்பர்வைசரிடமும்தான் பேசியிருக்கிறேன்.

“இன்னைக்குச் சாயங்காலம் வர்றேன். அந்தப் பொண்ணு ஓட்டட்டும்” என்றேன்.

சாயங்காலம் ஆறே முக்காலுக்குப் போனபோது மழை கூரைத் தகரத்தில் அறைந்துகொண்டிருந்தது. டாக்கில் இரண்டு கன்டெய்னர் நின்றது. செகண்ட் ஷிஃப்ட் ஆப்பரேட்டர் செய்யாறு பக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிற பெண். இருபத்திரண்டு வயது இருக்கும், மெலிந்த உடம்பு. என்னைப் பார்த்ததும் பயந்துவிட்டார். குற்றம் விசாரிக்க வந்திருக்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும்.

“நான் எதுவும் பண்ணலண்ணா. முறையாத்தான் எடுக்கிறேன்.”

“உன் மேல தப்புன்னு சொல்ல வரலம்மா. வண்டி எப்ப நிக்குது, என்ன பண்ணும்போது நிக்குது, அதைத் தெரிஞ்சுக்கத்தான் வந்தேன். உன்னைவிட யாருக்கும் அது தெரியாது.”

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார். சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“முன்னால போகும்போது அவ்வளவா நிக்காதுண்ணா. ரிவர்ஸ்லதான். கன்டெய்னருக்குள்ள இருந்து பின்னால வரும்போது திரும்பிப் பாப்பேன்ல, அப்ப நின்னுடும். பெடலை எவ்வளவு அழுத்தினாலும் வராது. சாவி ஆஃப் பண்ணிப் போட்டா சில நேரம் வரும். சில நேரம் அதுவும் வராது.” பிறகு தயங்கி, “அட்டை வச்சு உக்காந்தா நிக்காதுண்ணா. சீட்டு நடுவுல. ஆனா அதை யாராவது எடுத்துப் போட்டுடறாங்க. குப்பையைச் சீட்ல வைக்காதேன்னு திட்டும் விழுது.”

புதன்கிழமை காலை அதை எடுத்துக் கீழே போட்டவன் நான். பதினேழு வருஷ அனுபவத்தோடு போய், வண்டியில் ஏறுவதற்கு முன்பே விடையைத் தரையில் எறிந்திருக்கிறேன். அதை அந்தப் பெண்ணிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

ஹேண்ட்செட்டை டாஷ்போர்டில் டேப் போட்டு ஒட்டி, மானிட்டர் மெனுவில் சீட் நிலையைத் திறந்து வைத்தேன். அட்டை இல்லாமல் உட்காரச் சொன்னேன். ஆன். வண்டியை எடுக்கச் சொல்லிப் பக்கத்தில் நடந்தேன். கன்டெய்னருக்குள் போய், சரக்கு அடுக்கிய பாலட் பலகையை எடுத்தார். லீவரைப் பின்னுக்குத் தள்ளி, இடது கையை ஸ்டியரிங்கில் வைத்து, உடம்பைத் திருப்பிப் பின்னால் பார்த்தார். பயிற்சியில் சொல்லிக்கொடுக்கிற அதே முறைதான். ரிவர்ஸ் போகும்போது போகும் திசையைப் பார்க்க வேண்டும். உடம்பு திரும்பியதும் எடை ஒரு பக்கத் தொடைக்குப் போனது. திரையில் ஆன் என்பது ஆஃப் ஆனது. வண்டி நின்றது. அவர் பதறி நேராக உட்கார்ந்தார், மறுபடி ஆன் வந்தது. ஆனால் அதற்குள் கால் பெடலிலும் லீவர் ரிவர்ஸிலும் இருந்தன. வரிசை தப்பிவிட்டது. 47.

கண்ட்ரோலர், தான் செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்திருக்கிறது. ஆப்பரேட்டரும் அப்படியே.

முதல் ஷிஃப்ட்காரர் என்னைவிடக் கனமானவர். நான் 82 கிலோ. எங்கள் இருவர் எடைக்கும் அந்தச் சுவிட்ச் எப்படித் திரும்பினாலும் அழுந்தியே இருக்கும். இந்தப் பெண் 46 கிலோ. ஓட்டத் தெரியாத ஆள் என்று நாலு வாரமாக எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தது எடையைத்தான்.

தூக்குவது ஏன் நிற்கவில்லை என்று கேட்கலாம். நானும் அந்த இடத்தில் வயரிங் படத்தை விரித்துப் பார்த்தேன். இந்த மாடலில் சீட் சுவிட்ச் ஓட்டத்துக்கான கண்ட்ரோலருக்கு மட்டும் போகிறது, பம்ப் கண்ட்ரோலருக்குச் சாவியிலிருந்து நேராக வருகிறது. இப்போது வரும் வண்டிகள் பலவற்றில் ஆள் எழுந்தால் தூக்குவதும் நின்றுவிடும். அப்படிப்பட்ட வண்டியாக இருந்திருந்தால் முதல் நாளே சீட்டைச் சந்தேகப்பட்டிருப்பேன்.

பேட்டரி பிளக்கைக் கழற்றிவிட்டு சீட்டைப் பிரித்தேன். மெத்தைக்கு அடியில் கம்பி வலை, அதன் நடுவில் தட்டையான சுவிட்ச். ஆள் உட்கார்ந்தால் ஸ்பாஞ்ச் இறங்கிச் சுவிட்ச்சை அழுத்த வேண்டும். வலையைப் பிடித்திருக்கும் கொக்கிகளில் ஒன்று உடைந்திருந்தது. வலை ஒரு பக்கம் தொங்கி, சுவிட்ச் இருக்க வேண்டிய இடத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் போலக் கீழே இறங்கியிருந்தது. மேலே ஸ்பாஞ்சும் நடுவில் குழிந்து நொறுங்கிப் பொடிப் பொடியாகக் கொட்டியது. அட்டை செய்த வேலை இப்போது புரிந்தது. குழிந்த இடத்தை நிரப்பி, எடையை நேராகச் சுவிட்ச்சின் மேல் இறக்கியிருக்கிறது. சீட்டைப் பிரிக்காமலேயே அதைக் கண்டுபிடித்திருக்கிறார்.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். இரண்டு கன்டெய்னர் காத்திருக்கிறது, ஒன்பதரைக்குள் இறக்க வேண்டும். “சார், அந்த ரெண்டு வயரையும் சேர்த்து முறுக்கி விட்டுடுங்க சார். அப்புறமா நிதானமாப் பண்ணிக்கலாம்.”

இதைக் கேட்காத குடோனே இல்லை. அவர் நிலைமையும் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் மாட்டேன் என்றேன், காரணத்தையும் சொன்னேன். சில வருஷம் முன்பு வேறொரு இடத்தில், சீட் சுவிட்ச்சை யாரோ நேராக இணைத்து விட்டிருந்தார்கள். ஆப்பரேட்டர் லீவரை ஃபார்வர்டிலேயே விட்டுவிட்டு, சாவியும் எடுக்காமல், பாலட்டில் இருந்த ஸ்ட்ரெச் ஃபிலிம் கிழிந்திருப்பதைச் சரிசெய்ய இறங்கினார். டாஷ்போர்டில் வைத்திருந்த முழு ஃபிலிம் ரோல் உருண்டு பெடல் மேல் விழுந்தது. வண்டி நகர்ந்தது. பாலட்டுக்கும் ரேக் தூணுக்கும் நடுவில் அவர் கால் சிக்கியது. ஆறு மாசம் அவர் வேலைக்கு வரவில்லை. நான் அங்கே போனது வண்டியைப் பார்க்க. அந்த முறுக்கிய இரண்டு வயரைத் திறந்து பார்த்தது நான்தான். ஓட்டுகிற ஆள் தன் இடத்தில் இல்லாதபோது வண்டி ஓடக் கூடாது என்று ஐஎஸ்ஓ 3691-1 சொல்வது இதற்காகத்தான்.

கண்ட்ரோலரில் இன்னொரு வழியும் இருக்கிறது. சீட் ஒரு கணம் துள்ளினால் கண்டுகொள்ளாமல் இருக்க ஒரு தாமத நேரத்தை வைக்கலாம், அதிகபட்சம் 5 விநாடி வரைக்கும். மேடு பள்ளத்தில் ஓடும் வண்டிகளுக்காக வைத்தது. அதைக் கூட்டினால் புகார் குறையும். கொக்கி உடைந்த சீட்டுக்கு அது மருந்தாகாது. கம்பெனி வைத்த அளவிலேயே விட்டுவிட்டேன்.

“முக்கால் மணி நேரம் குடுங்க தம்பி. அதுவரைக்கும் மூணாம் நம்பர் வண்டியில இறக்கச் சொல்லுங்க.”

ஐம்பது நிமிஷம் ஆனது. உடைந்த கொக்கிக்குப் பதில் ஸ்பிரிங் ஸ்டீல் கம்பியில் ஒன்றை வளைத்துப் போட்டேன். மற்ற கொக்கிகளையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தேன், இன்னொன்று விரிசல் விட்டிருந்தது, அதையும் மாற்றினேன். சுவிட்ச்சை மீட்டர் வைத்து அழுத்தி அழுத்திப் பார்த்தேன், நன்றாகவே இருந்தது. ஸ்பாஞ்சுக்கு அன்றைக்கு வழியில்லை. பக்கத்தில் சீட் தைக்கிற கடை மறுநாள்தான் திறக்கும். அதுவரைக்கும் ஒதுக்கிப்போட்ட ஒரு வண்டியிலிருந்து நல்ல நிலையில் இருந்த மெத்தையைக் கழற்றிப் போட்டோம்.

முடித்ததும் நான் உட்கார்ந்து பார்க்கவில்லை. என் எடைக்கு அது முன்பும் சரியாகத்தான் இருந்தது. அந்தப் பெண்ணை உட்காரச் சொன்னேன். நேராக, இடப்பக்கம் திரும்பி, வலப்பக்கம் திரும்பி, தலையை வெளியே நீட்டி எட்டிப் பார்த்து. திரையில் ஆன் அசையவில்லை. எழுந்து நிற்கச் சொன்னேன், உடனே ஆஃப். இந்த இரண்டாவது சோதனையை விட்டுவிட்டால் முதல் சோதனைக்கு அர்த்தமே இல்லை. சீட்டின் முன்பக்கம் எடைக்கேற்ப ஸ்பிரிங்கைத் திருப்பும் குமிழ் ஒன்று இருக்கிறது. அது கனமான ஆளுக்கு வைத்தபடியே இருந்தது. அதை யாரும் அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. ஷிஃப்ட் மாறும்போது எப்படித் திருப்பிக்கொள்வது என்று காட்டினேன். “முதுகு ஏன் இவ்வளவு வலிக்குதுன்னு இப்பத்தாண்ணா புரியுது” என்றார்.

பிறகு கன்டெய்னருக்குள் பதினாறு முறை போய் வந்தார். நான் ஓரமாக நின்று டீ குடித்துக்கொண்டே எண்ணினேன். ஒரு முறையும் நிற்கவில்லை. முதல் நாலைந்து தடவை ரிவர்ஸ் எடுக்கும்போது தோள் இறுகியிருந்தது, நின்றுவிடுமோ என்று. அப்புறம் அது போய்விட்டது.

கிளம்பும் முன் கம்ப்ளெயின்ட் ரிஜிஸ்டரைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். நாலு வாரத்துக்கு ஏழு பதிவு. ஏழிலும் ஒரே வரி, சூப்பர்வைசர் கையெழுத்தில், இங்கிலீஷில்: வண்டி நகரவில்லை. எந்த நேரம், யார் ஓட்டினார், முன்னாலா பின்னாலா, லோடு இருந்ததா, ஒன்றும் இல்லை. அதில் முதல் நாளே “ரிவர்ஸில் திரும்பிப் பார்க்கும்போது” என்ற மூன்று சொல் இருந்திருந்தால் ஆக்சிலரேட்டர் காசு மிஞ்சியிருக்கும், ஒரு பெண்ணின் பேரும் கெட்டிருக்காது. சூப்பர்வைசரிடம் இதைக் கோபமில்லாமல் சொன்னேன். அவர் நல்ல மனிதர், ஏற்றுக்கொண்டார். ஓட்டுகிறவர்களே தமிழில் எழுதட்டும், அவர்கள் பேசுகிற மாதிரியே எழுதட்டும் என்று கேட்டுக்கொண்டேன். மறுநாளே ஒரு புது நோட்டு வாங்கி, சார்ஜிங் இடத்துப் பக்கத்தில் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார்கள்.

போர்டுக்கான ஆர்டர் ரத்தானது. பழைய ஆக்சிலரேட்டரைத் தேடினேன், அது சரியாக இருக்கும் என்று எனக்கு நிச்சயம். யாரோ ஸ்கிராப்பில் போட்டுவிட்டிருந்தார்கள்.

பத்து நாள் கழித்து, புது ஸ்பாஞ்ச் போட்ட சீட்டைப் பார்க்கப் போனபோது ஹேண்ட்செட்டைச் சொருகினேன். பழைய பதிவை நான் அழித்திருந்த இடத்தில் புதிதாக எதுவும் ஏறவில்லை. நோட்டை எடுத்துப் பார்த்தேன். அன்றைய தேதிக்கு முந்தின நாள், சின்னச் சின்ன எழுத்தில் ஒரு பதிவு இருந்தது.

“3-ஆம் வண்டி. இரவு 7.40. லோடோடு இடது பக்கம் ஒடிக்கும்போது பின்சக்கரத்தில் கிர்ர் என்று சத்தம். லோடு இல்லாமல் திருப்பினால் இன்னும் அதிகம். வலது பக்கம் சத்தம் இல்லை.”

ஃபோர்க்லிஃப்ட்டில் திரும்புவது பின்சக்கரம்தான். முன்னால் லோடு இல்லாதபோது வண்டியின் எடையில் பெரும்பகுதி அந்த பின் ஆக்சில் மேல்தான் இறங்கும். வலப்பக்கம் சத்தமில்லை, இடப்பக்கம் மட்டும். வண்டியைத் தொடுவதற்கு முன்பே எந்தப் பக்கத்து பேரிங் என்று முக்கால்வாசி தெரிந்துவிட்டது. ஜாக்கியை எடுத்துவர என் வண்டிக்குப் போனேன்.